எந்தக் கை

விலைக்கு முன்னால், நீளத்துக்கு முன்னால்
சக்காய் ஊர்க் கடைக்காரன் கேட்டது இதுதான்,
போனில் மொழிபெயர்ந்து வந்து நின்றது:
உங்களுக்கு எந்தக் கை?

நாகப்பட்டினத்தில், கடுவையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
எட்டு மேசை மெஸ் எனக்கு.
மதியம் நூற்றிருபது சாப்பாடு.
பதினெட்டு வருஷமாக மீன் அறுக்கிறேன்.
யாரும் கேட்டதில்லை. சொல்லியிருக்கிறார்கள்:
அந்தக் கையை எடு.
பந்தியில் எடு, சாமி காரியத்தில் எடு,
மொய் வைக்கும்போதாவது எடு.

இடது என்று தட்டினேன்.
தட்டிய விரலும் அந்தப் பக்கத்து விரல்தான்.

அப்படியானால் தனியாக அடிக்க வேண்டும்,
ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் லேசான குழிவு,
எல்லாம் தலைகீழாக.
விலை மூன்றில் ஒரு பங்கு கூடும்,
நாலு மாதம் ஆகும் என்றான்.
ஆகட்டும்.

பிறகு எஃகு. வெள்ளைத் தாளா, நீலத் தாளா?
ஆலையில் சுற்றும் தாளின் நிறம்தான் எஃகுக்குப் பேராம்.
வெள்ளை சட்டென்று கூர்படும், சட்டென்று துருவேறும்.
நீலம் கொஞ்சம் பொறுக்கும்.
உங்கள் ஊர் ஈரமா?

ஐப்பசி பிறந்தால்
ஜாடிக்குள் உப்பே அழுகிற ஊர்.
ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சிவக்கும்.
இதையெல்லாம் எப்படித் தட்டுவது?
ஈரம்தான் என்றேன்.
வெள்ளை என்றேன்.

வந்தது. கொடுவாத் தலை ஒரே அழுத்தில் பிளந்தது.
எலுமிச்சை அறுத்துக்கொண்டிருந்தபோது சிலிண்டர்காரன் வந்தான்.
சில்லறை எண்ணிக் கொடுத்துத் திரும்புவதற்குள்
கத்தி மேல் செம்மண் தூவினாற்போல.
சாம்பல் தொட்டு, பாட்டில் கார்க்கால் தேய்த்து,
அன்றைக்கு ரசம் தாமதம்.

மூன்றாம் நாள் வாழைப்பூ.
பூவுக்கு மோர் வைத்திருந்தேன், கறுக்காமலிருக்க.
கத்திக்கு ஒன்றும் வைக்கவில்லை.
முதலில் நீலம், பிறகு புறாக் கழுத்து,
பிறகு அடுப்புச் சட்டிக் கறுப்பு.
துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
போக வேண்டாம், அதுதான் அதன் சட்டை என்று
கடைக்காரன் எழுதினான்.
துரு தின்னும். கறை காக்கும்.

தேங்காய் உடைக்காதே. ஐஸ் மீனை வெட்டாதே.
தொட்டியில் ஊறப் போடாதே, இரவு உறையில் பூட்டாதே.
நல்லெண்ணெய் பூசினேன், பிசுக்கேறி எறும்பு வந்தது.
இப்போது மருந்துக்கடை பாரஃபின்,
வயிற்றுக்கட்டுக்குத் தருவார்களே, அது.
மாதம் ஒரு பாட்டில் வாங்குகிறேன்.
மருந்துக்கடை இஸ்மாயில் என்னை
ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்க்கிறார்.

திங்கள் கடை விடுமுறை.
கல்லை நீரில் போட்டுக் குமிழி நிற்கும்வரை காத்திருப்பேன்.
சரிவைக் கல்லோடு ஒட்ட வைத்துத் தள்ளினால்
சாம்பல் சேறு எழும்.
மறுபக்கம் நகத்தில் உரசுமளவு பிசிர் வந்ததும்
திருப்பி இரண்டே இழுப்பு.
மூன்றாவது பேராசை.

சென்ற வாரம் நான் பேங்க் போயிருந்தபோது
சகாயராஜ் வஞ்சிரம் போட்டிருக்கிறான்.
துண்டெல்லாம் மேலே தடிமன், கீழே தாள்.
அக்கா, இந்தக் கத்தி கோணல் என்றான்.

அவன் கையைப் பார்த்தேன்.
கோணல் இல்லடா என்று வாய்வரை வந்தது.
கத்தரிக்கோல் எனக்குத் துணியை மென்று துப்பியது,
மூக்கு வைத்த கரண்டி
என் பக்கம் மட்டும் ஊற்ற மறுத்தது.
நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட
கரண்டி கோணல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆமாம், கோணல்தான் என்றேன்.
கத்தியைக் கழுவித் துடைத்து
இடப்பக்க ஆணியில் மாட்டினேன்.

அவனுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன்.
வலது. விலை குறைவு, உடனே கிடைக்கும்.
நீலத் தாள்.
அவன் துடைக்க மறப்பான்.